கடிகாரப் பெட்டிக்குள் ஒரு மட்டை

சந்தனத்தைத் துடைத்துவிடச் சொல்கிறார்கள். நான் துடைக்க மாட்டேன்.

இதை முதலிலேயே எழுதிவிடுவது நல்லது. அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் அதற்குள் எனக்குப் பயம் வந்துவிடும். பயம் வந்தால் விக்கல் வரும். விக்கலோடு எழுதினால் எழுத்தெல்லாம் கோட்டைத் தாண்டிக் குதிக்கும். திண்டிவனத்தில் யாரை வேண்டுமானாலும் என்னைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். வேர்க்கடலை வியாபாரம் நடக்கிற மல்லாட்டை மண்டியில் கணக்குப்பிள்ளை, வாய் மட்டும் காது வரைக்கும் நீளும், வண்டி மாடு லேசாகத் தலையை ஆட்டினால் ஆள் அடுத்த தெருவில் நிற்பான் என்பார்கள். அத்தனையும் உண்மை. இருந்தாலும் துடைக்க மாட்டேன்.

விஷயம் இதுதான். எங்கள் பந்தாட்ட மன்றத்துச் சுவரில் ஒரு கடிகாரப் பெட்டி தொங்குகிறது. பெண்டுலம் ஆடும் நீளமான பெட்டி. உள்ளே கடிகாரம் கிடையாது. ஒரு பழைய பூப்பந்து மட்டையும் ஒரு மஞ்சள் கம்பளிப் பந்தும் இருக்கின்றன. மட்டையின் கழுத்தில் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கும். அதற்குக் கீழே, கைப்பிடியில், சந்தனமும் குங்குமமும் வருஷத்துக்கு வருஷம் ஏறி, காய்ந்து, வெடித்து, ஒரு சின்ன மேடு கட்டி நிற்கும். புதிதாக வந்திருக்கிற கமிட்டிக்காரர்களுக்கு அந்த மேடு கண்ணை உறுத்துகிறது. பழைய பொருள் என்றால் பளபளவென்று இருக்க வேண்டுமாம். சந்தனத்தைச் சுரண்டி, டியூபைப் பிரித்து, வார்னிஷ் அடித்து, கண்ணாடியை ஆணி வைத்து மூடிவிட வேண்டுமாம்.

யோசனை புதிதல்ல. மன்றம் திறந்தபோதே ஒருவர் வார்த்தை மாறாமல் இதையே சொன்னார். அவர் எங்கள் மன்றத்தின் தலைவர். அது போதாதென்று மண்டியில் எனக்கு முதலாளி.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஐம்பதுகளில் எங்கள் ஊரில் சாயங்காலமானால் பூப்பந்துதான். பக்கத்துக்கு ஐந்து பேர், நடுவில் வலை, கையில் நரம்பு கட்டிய மட்டை, எலுமிச்சம்பழம் போல மஞ்சளாய் ஒரு கம்பளிப் பந்து. முதலாளியின் தம்பிதான் கேப்டன். நான் ஆறாவது ஆள். ஐந்து பேரில் ஒருவருக்குக் காலில் அடிபட்டால்தான் எனக்கு ஆட்டம். அந்த ஐந்து பேருடைய கால்களும் நன்றாக இருக்க வேண்டுமென்று நான் வேண்டிக்கொண்ட மாதிரி அவர்களைப் பெற்றவர்கள்கூட வேண்டியிருக்க மாட்டார்கள்.

ஆனாலும் ஒரு நாள் நான்கு பேர்தான் வந்தார்கள். என்னைத் தேடினார்கள். நான் வலைக்கம்பத்தைச் சரி பார்க்கிறவன் போல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். மைதானத்தின் எல்லைக்கு வெளியே காலனிக்காரர் ஒருவர் தினமும் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். பகலில் மல்லாட்டை பிடுங்குகிற கூலி வேலை. பந்து வெளியே போனால் கையால் எடுத்துக் கொடுக்க மாட்டார். பனை மட்டை ஒன்றை வைத்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு தட்டு தட்டுவார். பந்து, அடித்தவன் காலடியில் வந்து விழும். கேப்டன் என் முதுகைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், அவரையே இறங்கச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பின்வரிசையில் வலது ஓரம் அவருடையது. எனக்கு நிம்மதி.

மட்டை வாங்க அவரிடம் வழியில்லை. கேப்டன் ஒரு நாள் ஆத்திரத்தில் தரையில் அடித்து, கழுத்தில் விரிசல் விழுந்ததும் வேலிப் பக்கம் வீசிப் போட்ட மட்டையை அவர் எடுத்துக்கொண்டு போனார். மூங்கில் சிம்பு வைத்து, சைக்கிள் டியூபை இழுத்துச் சுற்றிக் கொண்டுவந்தார். வீசினவருக்கு அது விறகு. எடுத்தவருக்குத்தான் மட்டை. இந்த வாக்கியத்தை நான் இப்போது சுலபமாக எழுதிவிட்டேன். முதலாளி முன்னால் சொல்ல முயன்றபோது என் தொண்டையிலிருந்து வேறொரு சத்தம்தான் வந்தது.

விழுப்புரத்தில், ஜங்ஷனுக்குப் பின்பக்க மைதானத்தில் நடந்த பந்தயத்தில் கடைசி ஆட்டம் அந்த ஊர்க்காரர்களோடு. அவர்கள் வெள்ளை பனியன், வெள்ளை ஜோடு. நாங்கள் கால் கழுவிக்கொண்டு வந்திருந்தோம், அவ்வளவுதான். புள்ளிகள் சமமாக வந்து நிற்கும்போது கேப்டனுடைய புது மட்டையில் நரம்பு அறுந்தது. அவர் பின்வரிசைக்குத் திரும்பி, "உன் பேட்டக் குடு" என்றார். பின்வரிசைக்காரர் ஒரு அடி பின்னால் போனார்.

"பேட்டும் நானும் சேந்துதான் வருவோங்க. வேணும்னா ரெண்டு பேரையும் முன்னால நிறுத்துங்க."

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு விக்கல் வந்துவிட்டது. கேப்டனுக்குக் கோபம் வரவில்லை, சிரிப்பு வந்தது. இடம் மாற்றி நிறுத்தினார். அந்த டியூப் சுற்றிய மட்டைதான் கடைசிப் பந்தை அடித்தது. விழுப்புரத்துக்காரர் மூன்று பேர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள், யாரும் தொடவில்லை. பந்து உருண்டு என் காலடிக்கு வந்தது. அந்தப் பந்தயம் முழுவதிலும் நான் செய்த ஒரே காரியம், அதை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டதுதான்.

அப்புறம் அணி கலைந்தது. ஒருவர் மெட்ராஸ் போனார், ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பின்வரிசைக்காரருக்கு ரயில் பாதையில் கேங்மேன் வேலை கிடைத்தது. வேலைக்குச் சேர்ந்த வாரம் மட்டையை என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கடைத்தெருவில் பார்த்தால் அவர் என்னை 'நீங்க' என்பார். பக்கத்தில் யாரும் இல்லாவிட்டால் 'நீ' தான்.

"எங்கூட்டுல மேல மழை, கீழ கறையான். ரெண்டுக்கும் நடுவுல இத வச்சிக்கினு நான் எங்க போறது? உன் பரண்ல கட்டி வை கணக்கரே. ஆயுத பூஜைக்கு மட்டும் வர்றேன், பொட்டு வைக்க."

அப்படியே வந்தார். அவனவன் தொழில் சாமானுக்கு அவனவன் கையால் பொட்டு வைப்பதுதானே வழக்கம். காலையில் பாதையோரக் கொட்டகையில் சுத்தியலுக்கும் ஸ்பானருக்கும் வைத்துவிட்டு, மிச்சச் சந்தனத்தை இலையில் மடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வருவார். முதல் வருஷம் தோட்டத்துப் பக்கம் வந்து நின்றார். என் மனைவி என்னைக் கூப்பிட்டு, "பின்னால மாடு கட்டியிருக்குது, அது ஆளப் பாத்தா முட்டும், முன்னால வரச் சொல்லுங்க" என்றாள். எங்கள் மாடு யாரையும் முட்டாது. நானே தைரியமாகப் பக்கத்தில் போகிற ஒரே மாடு அது. அவள் சொன்னது எனக்கும் புரிந்தது, அவருக்கும் புரிந்தது. மறு வருஷத்திலிருந்து முன்வாசல்தான்.

மட்டையைக் காப்பாற்றியது லேசான வேலையல்ல. வேப்பிலையும் வசம்பும் வைத்து மனைவியின் பழைய நூல் புடவையில் சுற்றி, பரணிலிருந்து கயிற்றில் தொங்கவிட்டேன். எறும்பு வராமலிருக்கக் கயிற்றில் மண்ணெண்ணெய் தடவினேன். அப்படியும் எலி ஏதோ சர்க்கஸ் செய்து இறங்கி, நரம்பில் இரண்டு இழையைத் தின்றுவிட்டது. புது நரம்பு கட்டலாமே என்று பலர் சொன்னார்கள். கட்டவில்லை. கடைசிப் பந்தை அடித்த நரம்பு மிச்சம் இருக்கும்போது அடிக்காத நரம்பு எதற்கு? பந்தை அந்துப்பூச்சி தின்றுவிடுமென்று அந்துருண்டை போட்டு, மூடி இறுக்கமான ஒரு ஜாடியில் வைத்தேன். அது எலுமிச்சை ஊறுகாய் ஜாடி. கழுவித்தான் வைத்தேன். இருந்தாலும் எங்கள் வெற்றிப் பந்தை முகர்ந்து பார்த்தால் இன்றைக்கும் பழைய சோறு ஞாபகம் வரும்.

அறுபதுகள் பிறந்த சமயம் முதலாளி மன்றத்துக்கு ஒரு கட்டடம் கட்டினார். நல்ல கட்டடம், குறை சொல்லக் கூடாது. சிமெண்டுத் தரை, பெரிய ஜன்னல். இன்னார் உள்ளே வரக் கூடாது என்று போர்டு எதுவும் இல்லை. போர்டு போட்டால்தான் தெரியும் என்கிற ஊரும் அல்ல எங்களுடையது. திறப்பு விழா ஆயுத பூஜையன்று. மன்றத்துச் செயலாளர் என்ற பேர் எனக்கு இருந்ததால் என்னைக் கூப்பிட்டு வரிசையாக உத்தரவு போட்டார். பரண் மேல் இருக்கிற மட்டையை விழுப்புரத்துக்கு எடுத்துப்போய்ச் சட்டம் போட வேண்டும். சந்தனம், டியூப் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வார்னிஷ் அடிக்க வேண்டும். கண்ணாடி வைத்து அடைத்துவிட வேண்டும். தம்பியின் பெயர் வெட்டிய பித்தளைத் தகடு ஒன்றைக் கையில் கொடுத்தார். அதையும் பதிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் "சரிங்க" என்றேன். அவர் நிறுத்திய பிறகும் பழக்க தோஷத்தில் ஒரு "சரிங்க" வந்து விழுந்தது.

விழுப்புரம் போகும் பஸ்ஸில்தான் புத்தி வந்தது. கண்ணாடி வைத்து அடைத்துவிட்டால் அந்த மனிதர் பொட்டு எங்கே வைப்பார்? கண்ணாடி மேலேயா? அதற்கும் முதலில் மன்றத்துக்குள்ளே வர வேண்டுமே. முன்வாசல் வழியாக வரச் சொல்ல அங்கே என் மனைவியும் இல்லை, மாடும் இல்லை. விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் விக்கல் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் இருந்த அம்மாள் பாவம், யாரோ என்னை நினைத்துக்கொள்கிறார்கள் என்றாள். நினைத்தால் தேவலையே அம்மா, கூப்பிட்டு அனுப்பப் போகிறார்கள் என்றேன்.

ஸ்டேஷன் பக்கம் இருந்த படக்கடையில் மடியிலிருந்து மூட்டையை எடுத்து வைத்தேன். கடைக்காரர் மூட்டையைப் பிரிக்கும் முன்பே கேட்டார்.

"சாமியா, போனவரா?"

அவர் கடையில் அந்த இரண்டு சாதிப் படங்களுக்குத்தான் கண்ணாடி போடுவார். சாமி என்றால் ஓரத்தில் ஜிகினா. போனவர் என்றால் மாலைக்கு மேலே ஒரு கூடுதல் ஆணி. இது மட்டை என்று நான் சொன்னதும், "சரி, யாருது? போய்ட்டாரா?" என்றார். இல்லை, ரயில் பாதையில் கல் தள்ளிக்கொண்டிருக்கிறார் என்றேன். இருக்கிறவர் சாமானுக்கு எதற்குக் கண்ணாடி என்று அவருக்குப் புரியவேயில்லை. அதோடு, தம் சட்டத்துக்குள் தட்டையாக இருப்பதுதான் போகும், இப்படிப் புடைத்துக்கொண்டிருந்தால் கண்ணாடி உடையும் என்று மூட்டையை என் பக்கமே தள்ளிவிட்டார்.

அப்போதுதான் மூலையில் நின்ற அந்தப் பெட்டியைப் பார்த்தேன். யாரோ கண்ணாடி மாற்றக் கொடுத்துவிட்டு, கடிகார இயந்திரத்தைத் தனியாக ரிப்பேருக்கு எடுத்துப்போய், திரும்பி வராத பெட்டி. நீளம் சரியாக இருந்தது, ஆழமும் இருந்தது. முன்னால் கண்ணாடிக் கதவு, கதவுக்கு ஒரு பூட்டு, பூட்டில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு சாவி. அந்தச் சாவியைப் பார்த்ததும் என் விக்கல் நின்றது. கதவு என்றால் திறக்கலாம். திறந்தால் பொட்டு வைக்கலாம். இதுதான் வேண்டும் என்றேன்.

கடைக்காரர் உள்ளே சிவப்பு வெல்வெட்டு ஒட்டினார். மட்டையை நாடாவால் கட்டப்போகுமுன் பழக்கப்படி உப்புத்தாளை எடுத்துச் சந்தனத்தின் மேல் வைத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வாழ்நாளில் ஒரு மனிதர் கையை நான் பிடித்துத் தடுத்தது அதுதான் முதல் தடவை. அவரைவிட நான் அதிகம் திடுக்கிட்டேன்.

"அழுக்கோட மாட்டினா எங்கடைக்குக் கெட்ட பேருங்க" என்றார் அவர்.

"அழுக்கில்லைங்க. அது அவரு கணக்கு. தேய்க்காதீங்க."

அவர் சமாதானத்துக்கு ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. பந்தைச் சுற்றி மட்டும் ஜிகினா ஒட்டிக்கொள்ள விட்டேன். அதனால்தான் எங்கள் ஊறுகாய்ப் பந்து இன்றைக்கும் முருகன் படத்து மயில் மாதிரி மினுக்கிக்கொண்டிருக்கிறது. பித்தளைத் தகட்டை எங்கே பதிப்பது என்று கேட்டார். எங்கே என்று முதலாளி சொல்லவில்லை. பெட்டியின் கூரைப் பலகையில் பதிக்கச் சொன்னேன். இன்றும் அங்கேதான் இருக்கிறது. பல்லிகள் படிக்கும்.

ஒன்றை நானும் கவனிக்கவில்லை, அவரும் கவனிக்கவில்லை. இயந்திரம் போன பெட்டியில் மணி அடிக்கிற கம்பிச் சுருள் பின்பலகையிலேயே தங்கிவிட்டது. பஸ் ஸ்டாண்டை விட்டுக் கிளம்பி முதல் பள்ளத்தில் இறங்கியதும் என் மடியிலிருந்து 'டங்' என்றது. முன் சீட்டுக்காரர் திரும்பி மணி ஒன்றா என்று கேட்டார். அடுத்த பள்ளத்தில் மூன்று தடவை அடித்தது. கோணிப்பையைச் சுற்றியிருந்ததால் உள்ளே என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. ஓடுற கடிகாரம்தானே, என்ன பேஜாரு பண்ணுது, இறக்கி வைய்யா என்று கண்டக்டர் வந்தார். இறக்கி வைத்தால் கண்ணாடி போய்விடும் என்று கட்டிப் பிடித்துக்கொண்டேன். திண்டிவனம் வருவதற்குள் அது நாள் முழுவதற்குமான மணியை அடித்து முடித்து மறுநாளையும் ஆரம்பித்திருந்தது.

மன்றத்துச் சுவரில் மாட்டியதும் முதலாளி வந்து பார்த்தார். கடிகாரமாக இருந்தது ஒரு கோபம், சந்தனம் இருந்தது இன்னொரு கோபம். பூஜை நெருங்குகிற நேரத்தில் சந்தனத்தைச் சுரண்டினால் மண்டிக்கு ஆகுமா என்று பயந்துவிட்டேன் என்றேன். மண்டிக்கு ஆகாது என்றால் அவர் எதற்கும் கட்டுப்படுவார். பூஜை முடிந்ததும் சுரண்டிவிடச் சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். "சாவியக் குடு."

சாவி என் சட்டைப் பையில் குத்திக்கொண்டிருந்தது. அது விழுப்புரத்தில் இருக்கிறது, சரியாகப் பொருந்தவில்லை, அரம் போடக் கொடுத்திருக்கிறேன் என்று என் வாய் சொன்னது. என்னைக் கேட்காமலே சொன்னது. அவர் போனதும் பையைத் தொட்டுப் பார்த்தேன். நெருப்புத் துண்டு மாதிரி இருந்தது. இதை வைத்துக்கொண்டு மண்டியில் அவர் எதிரில் ஒரு பகல் முழுவதும் உட்கார என்னால் ஆகாது. சைக்கிளை எடுத்துக்கொண்டு ரயில்வே கேட்டுக்கு ஓடினேன். வீரம் என்று யாராவது நினைத்தால் மெத்தச் சந்தோஷம், ஆனால் கையைச் சுட்டதைக் கீழே போட்டேன் என்பதே சரி.

பின்வரிசைக்காரர் பாதையோரம் கல்லின் மேல் உட்கார்ந்து கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். மட்டை மன்றத்துக்குப் போய்விட்டது, பெட்டியில் இருக்கிறது, நாளை மறுநாள் விழா. அவர் கூழைக் குடித்து முடித்தார். பிறகு கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்ப இந்த வருசம் பொட்டு வைக்க நான் எங்க வரணும்?"

பதிலுக்குச் சாவியை நீட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார்.

"வாசல் வரைக்கும் வந்து நிக்கறேன். கூப்ட்டா உள்ள வருவேன். கூப்டாம வர மாட்டேன். கையில சாவியும் குடுக்க மாட்டேன். உனுக்கு இது தாங்குமா?"

தாங்காது என்றேன். தெரியும் என்றார்.

விழா நாளன்று மன்றம் நிரம்பிவிட்டது. ஒரு பெரிய அதிகாரி வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். கேப்டன் மட்டையைக் கையில் பிடித்தபடி ஒரு படம் எடுப்பதென்பது முதலாளியின் ஏற்பாடு. ராகு காலம் வருவதற்குள் பூஜையை முடித்தாக வேண்டும். நான் தூணோடு தூணாக ஒட்டி நின்றேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் வாசலில், படிக்குக் கீழே, சலவைச் சட்டையோடு பின்வரிசைக்காரர். கையில் மடித்த இலை.

முதலாளி என் பக்கம் திரும்பிச் சாவி என்றார். எனக்கு முதல் விக்கல் வந்தது. சாவி மட்டைக்குச் சொந்தக்காரரிடம் இருக்கிறது என்று சொன்னேன். மட்டை எங்கள் வீட்டு மட்டை, அதற்கு எவன் சொந்தக்காரன் என்றார் அவர். ஜன்னலைக் காட்டினேன். அவர் பார்த்தார். குரலை இறக்கி, போய்ச் சாவியை வாங்கி வா என்றார்.

வெளியே போனேன். சாவி தனியாக வராதாம். உள்ளே வந்து சொன்னேன். மறுபடி வெளியே அனுப்பினார். மறுபடி அதே பதில். ஒவ்வொரு தடவையும் விக்கலோடு போய் விக்கலோடு வந்தேன். பின் வரிசையில் உட்கார்ந்திருந்த மண்டி ஆட்கள் என் விக்கலுக்குத் தாளம் போட ஆரம்பித்துவிட்டார்கள். அதிகாரி, என்ன தாமதம், தண்ணீர் கொடுங்கள் அவருக்கு என்றார். தண்ணீர் வந்தது. அதையும் சிந்தினேன்.

முதலாளி என் காதருகே வந்தார். "கண்ணாடிய ஒட."

பெட்டி என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. நான் எப்போது அங்கே போய் நின்றேன் என்று எனக்கே தெரியாது. இரண்டு கையும் விரிந்திருந்தன. கோழி பிடிக்கிறவன் நிற்பான் இல்லையா, அப்படி. அவர் காதில் சொன்னதற்கு நானும் காதில்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் விக்கல்காரன் பேச்சு மெதுவாக வராது.

"ஒடைக்க விடமாட்டேங்க. நல்ல நாளும் அதுவுமா... வெளிய நிக்கறவரக் கூப்டுங்க. அவரு பேட்டு. கூப்ட்டா வந்துடுவாரு."

மன்றம் முழுவதும் கேட்டது. தாளம் போட்டுக்கொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். பூஜை நாளில் கண்ணாடியை உடைக்கிறதா என்று பெண்கள் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது.  மண்டியில் என் இடத்தில் நாளைக்கு யார் உட்காருவார் என்று ஆளைக்கூட மனதில் தேர்ந்தெடுத்துவிட்டேன். அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு. கேப்டன்தான்.

"அன்னிக்கே எனக்குக் குடுக்கலண்ணே. இன்னிக்கா குடுத்துடப் போறான்? போய்க் கூப்டுங்க."

முதலாளி தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார், சுவரில் இருந்த ஓடுகிற கடிகாரத்தைப் பார்த்தார். வாசலுக்குப் போனார்.

"வாய்யா உள்ள."

பின்வரிசைக்காரர் அசையவில்லை. எதிர்த்து நின்றார் என்றும் சொல்ல முடியாது. இலையில் சந்தனம் காய்கிறதா என்று பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ராகு காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. முதலாளி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உள்ள வாங்க."

"இதோ வர்றேங்க."

செருப்பைக் கழற்றினார். அதிகாரியின் ஜோட்டுக்கும் முதலாளியின் செருப்புக்கும் நடுவில் இடம் இருந்தது. அங்கே விட்டார். நேராகப் பெட்டிக்கு வந்து, இன்னும் கையை விரித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, நகரு கணக்கரே, ஆள் வந்தாச்சு என்றார். எல்லோருக்கும் எதிரில் 'நகரு' என்றார். அந்த ஒரு 'ரு'வுக்காக நான் அன்றைக்கு வேலையை விட்டிருப்பேன்.

கதவைத் திறந்ததும் பெட்டி 'டங்' என்றது. நான் திடுக்கிட்டதில் விக்கல் நின்றுவிட்டது. அவர் மட்டைக்கு வைத்தார், பந்துக்கு வைத்தார், ஜிகினாவைப் பார்த்து என்னை ஒரு முறை முறைத்தார். போட்டோக்காரர் கேப்டனிடம் மட்டையைக் கொடுக்கச் சொன்னார். பின்வரிசைக்காரர் கொடுக்கவில்லை. மட்டையைத் தாம் பிடித்துக்கொண்டார். கேப்டன் பக்கத்தில் வந்து தோள் உரச நின்றார். படம் அப்படித்தான் எடுக்கப்பட்டது. மன்றத்தில் மாட்ட முதலாளி அதை வாங்கவில்லை. நான் வாங்கினேன். விழுப்புரத்துப் படக்கடைக்காரர் வழக்கம்போலக் கேட்டார், சாமியா, போனவரா என்று. இருக்கிறவர்கள் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே கண்ணாடி போட்டார். அது என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது.

வேலை போகவில்லை. முதலாளி என்னோடு நேராகப் பேசுவதை மட்டும் வெகு நாள் நிறுத்தி வைத்திருந்தார். எதிரில் உட்கார்ந்திருக்கும் என்னிடம் சொல்ல வேண்டியதைத் தராசுக்காரரிடம் சொல்வார். தராசுக்காரர் என்னிடம் சொல்வார். நான் தராசுக்காரரிடம் "சரிங்க" என்பேன். சந்தனத்தைச் சுரண்டச் சொல்லி ஒரு தடவை தராசு வழியாக உத்தரவு வந்தது. சாவி என்னிடம் இல்லை என்று தராசு வழியாகவே பதில் போனது. மன்றத்துச் செயலாளர் வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். பந்து பொறுக்குகிறவனை எடுத்து என்ன ஆகப்போகிறது, மறு வாரமே கூட்டிப் பெருக்க நானேதான் போனேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் இதே நடைமுறைதான். பின்வரிசைக்காரர் சந்தனத்தோடு வந்து படிக்குக் கீழே நிற்பார். மன்றத்துக்காரர் யாராவது ஒருவர் வாசலுக்குப் போய், உள்ளே வாங்க என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் பெட்டி திறக்கும். இப்போது அவர் மகள், தம்பி பிள்ளைகள் எல்லோரும் கூட வருகிறார்கள். கூப்பிடுகிறவர் எல்லோரையும் சேர்த்துத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது.

இதுதான் புதுக் கமிட்டிக்குப் பிடிக்கவில்லை. வார்னிஷ், பளபளப்பு, சந்தனம் அரிக்கும் என்பதெல்லாம் பேச்சுக்கு. அந்தச் சந்தனம் இருக்கிற வரைக்கும் அதன் மேல் அடுத்த பொட்டு வைக்க ஆள் வருவார், ஆள் வந்தால் வாசலுக்குப் போய்க் கூப்பிட வேண்டும். நேற்று சாயங்காலம் கமிட்டிச் செயலாளர் என் வீட்டுக்கே வந்து, உங்களுக்குத்தான் அந்தப் பூட்டு பழக்கம், மாற்றுச் சாவி செய்து, சந்தனத்தை மட்டும் துடைத்துக் கொடுத்துவிடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். நல்ல உயரமான ஆள். மீசை வேறு.

முடியாது என்றேன். இரண்டு விக்கலுக்கு நடுவில் சொன்னேன், ஆனால் தெளிவாகச் சொன்னேன். அடுத்த வாரம் ஆயுத பூஜை. வாசலுக்குப் போய்க் கூப்பிடப் போவது யார் என்பதை அவர்கள் இப்போதே பேசி வைத்துக்கொள்ளட்டும். நான் தூணுக்குப் பக்கத்தில் இருப்பேன். தேவைப்பட்டால் பெட்டிக்குப் பக்கத்தில்.